தமிழில் ஒரு நன்றியுரை

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பல்கலைக்கழகத்தில் எங்கள் பீடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், அறிவித்தல் சிங்களத்தில் ஒட்டப்படும். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதனால் முதல் வருடமே கன்ரீனில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் கையை உயர்த்தி என்னைத் தங்கள் பிரதிநிதி ஆக்கினார்கள். பீடக் கூட்டங்களில் அவர்களுக்காகப் போய் உட்கார்ந்தேன். பரீட்சை நேரம் மாறினால் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சொன்னேன். ஹட்டனிலிருந்து வந்த பிள்ளைக்கு டெங்கு வந்தபோது, ஆஸ்பத்திரி வாட்டில் தாதிமாரோடு அவளுக்காகச் சிங்களத்தில் கதைத்ததும் நான்தான்.

கடைசி வருடத்தில், மாணவப் பிரதிநிதிகளைப் பாராட்டி விழா வைக்கப்போவதாகப் பீடம் அறிவித்தது. சான்றிதழ் கிடைப்பவர்களின் பணி, பட்டத்தோடு கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரத்திலும் ஏறுமாம். வேலை தேடி அலையப்போகிறவளுக்கு அது சும்மா விஷயமா? அம்மா வெள்ளவத்தைக்குப் போய் எனக்குப் புதுச் சேலையே வாங்கிவிட்டார்.

விழாவுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் தமிழர். நம்மவர்தானே என்று நம்பிப் போய் என் பெயரைச் சொன்னேன்.

"நீர் மாணவர் சங்கத் தேர்தலிலை நிண்டனீரோ?"

"இல்லை சேர். எங்கட பிள்ளையள் எல்லாரும் சேர்ந்துதான்..."

"அப்ப அது பதவி இல்லை. நீர் உதவி செய்தனீர், அவ்வளவுதான். உதவிக்கு ஆரும் சேட்டிபிக்கேட் குடுப்பினமோ?" பிறகு பெரிய பரிசு தருபவர்போலச் சிரித்தார். "நல்ல சாறி உடுத்திக்கொண்டு வாரும். சேட்டிபிக்கேட் தட்டுப் பிடிக்க ஒரு பிள்ளை வேணும். கடைசியிலை தமிழ் நன்றியுரையையும் நீரே சொல்லும்."

கறிவேப்பிலைக்குக்கூட இவ்வளவு அவமானம் இல்லை. அதைக் கறி வைத்த பிறகுதான் எடுத்து எறிவார்கள். என்னை எறிந்துவிட்டு மறுபடியும் சட்டிக்குள் போடப் பார்த்தார் மனுஷன். ஆனாலும் ஓம் என்றேன். மைக் முன்னால் நிற்க எனக்கு வேறு வழி இல்லை.

விழாவன்று குத்துவிளக்கு ஏற்றினார்கள். நான் தட்டோடு பீடாதிபதியின் பக்கத்தில் நின்றேன். தேர்தலில் வென்றும் கூட்டங்களுக்கே வராமல், அடுத்த நாள் என்னிடம் வந்து "என்ன முடிவெடுத்தாங்க?" என்று கேட்பவனும் ஏறி வந்து ஒரு சான்றிதழ் வாங்கினான். என் தட்டிலிருந்துதான் வாங்கினான். சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பிறகு மைக் என் கைக்கு வந்தது. பின்வரிசையில் இருந்த எங்கள் பிள்ளைகளைப் பார்த்தேன்.

"உங்கள் பிரதிநிதி நான். இந்தப் பீடம் அதை ஏற்க மறுத்துவிட்டது. மேடையில் இருக்கும் எவருக்கும் நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. என்னைத் தேர்ந்தெடுத்த உங்களுக்கு மட்டும் நன்றி."

பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. தமிழ் தெரியாத முன்வரிசையும், நன்றியுரை பிரமாதம் என்று நினைத்துச் சேர்ந்து தட்டியது. பீடாதிபதி மலர்ந்த முகத்தோடு விரிவுரையாளர் பக்கம் சாய்ந்து, பிள்ளை என்ன சொன்னாள் என்று சிங்களத்தில் கேட்டார்.

விரிவுரையாளருக்கு வியர்த்துவிட்டது. வழக்கம்போல நான் சமாளித்துவிடுவேன் என்று என்னைப் பார்த்தார். அந்தப் படிப்புக் காலம் முழுவதும் எல்லோருக்கும் மொழிபெயர்த்தவள் நான். இதை மட்டும் நீரே சொல்லும் சேர் என்றுவிட்டு இறங்கி வந்தேன்.