மச்சம் பட்ட தட்டு

பரமற்றா பழம்பொருள் சந்தையில் அந்தத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். சுவீடன் ஆலையின் முத்திரையும், விளிம்பில் பச்சை இலைகளைக் கையால் தீட்டியவரின் சின்ன ஒப்பமும் இருந்தன. எங்கிருந்தோ கறிவேப்பிலை மணத்தது.

நாங்கள் நாடுவிட்டு டூங்கபிக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு சுவீடன் அன்ரி இதே மாதிரித் தட்டுகள் ஆறு தந்தார். அம்மா அவற்றைச் சைவத்துக்கென்று ஒதுக்கினார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். ஒருநாள் அப்பா வேலைக் களைப்பில் ஒன்றில் மீன் கட்லட்டை வைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

"மச்சம் பட்டது இனிக் குசினிக்குள்ள வரக்கூடாது!"

அம்மா மீன் பட்ட அந்தத் தட்டைச் சமையலறைக்கு வெளியே, கறிவேப்பிலைச் செடிச் சாடியின் கீழே வைத்தார். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அப்பா அதன் விளிம்பை விரலால் துடைத்துவிடுவார்.

மற்ற ஐந்தும் புழங்கிப் புழங்கியே உடைந்தன. விலக்கிவைத்தது மட்டும் மிஞ்சியது. அப்பா இறந்தபின் அதை நான் எடுத்துவந்தேன். என் சுவீடன் தட்டுச் சேகரிப்பு அதில்தான் தொடங்கியது. இன்றுதான் அதற்குச் சோடி கிடைத்திருக்கிறது.

அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"மச்சம் பட்டதோ எண்டு கேட்டனியோ?"

"அது ஆருக்கம்மா தெரியும்?"



"சரி, கொண்டு வா. வெள்ளிக்கிழமை புட்டு அவிக்கிறன். அப்பான்ர தட்டையும் கழுவி எடுத்துக்கொண்டு வா."