எண் சொல்ல ஓர் ஆள்

ஐந்நூறு குதிரைசக்தி வண்டி என்றதும் தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்பு வண்டி எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். லிப்ட்காரருடைய வண்டி வெள்ளை. நான்கு கதவு, இருபத்தாறு வயது, பின்கண்ணாடியில் பேத்தி எப்போதோ ஒட்டிவிட்டுப்போன ஒரு வாத்து. சிக்னலில் பக்கத்தில் நின்றால், யாரோ ஓய்வுபெற்ற குமாஸ்தா மருந்து வாங்கப் போகிறார் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதுதான் மனிதருடைய ஆசையே. ஏசி வேலை செய்ய வேண்டும், காய்கறிக்கடைக்குப் போய்வர வேண்டும், தேவைப்பட்டால் பறக்கவும் வேண்டும். பேராசைதான், வேறென்ன.

வேலை லிப்ட் பழுதுபார்ப்பது. முப்பத்தொரு வருடமாக ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் குடலுக்குள் புகுந்து புறப்படுகிற வேலை. நடுவழியில் லிப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பயப்படாதீங்கம்மா, காத்து வருது, பத்து நிமிஷத்துல எடுத்துருவேன்" என்று அவ்வளவு இதமாகப் பேசுவார். கதவு திறந்துவிட்டால் போயிற்று. வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்பார். அவர்கள் நன்றி சொல்லும்போது இவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மனைவி மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. சண்டையெல்லாம் இல்லை. இரண்டாவது பிரசவத்துக்கு உதவி என்று மூன்று மாதத்துக்குப் போனவர். குழந்தை குப்புற விழட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும் என்று தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தினமும் போன் செய்வார். "சாப்பிட்டீங்களா? அந்த வண்டி முடிஞ்சுதா?" இரண்டே கேள்வி. முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. பேச்சு முடிந்தது. பிறகு மாடியிலிருந்து இறங்கி, கீழே இருக்கிற தகரக் கொட்டகையின் விளக்கைப் போடுவார்.

வண்டி முடியவில்லை என்று அவர் சொன்னது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. இரும்பு வேலை அத்தனையும் முடிந்துவிட்டது. அதில் அவர் பூட்டியிருந்த டர்போ என்பது வேறொன்றும் இல்லை, இன்ஜின் துப்புகிற புகையை வைத்தே ஒரு சின்னக் காற்றாடியைச் சுழலவிட்டு, அந்தக் காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜின் வாயில் திணிக்கிற ஏற்பாடு. காற்றைத் திணித்தால் அதற்கேற்ப பெட்ரோலும் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்று ஓட்டிப் பார்த்துத்தான் கணக்குப் போட முடியும். இங்கேதான் சிக்கல். ஓட்டுகிறவனால் சாலையைத்தான் பார்க்க முடியும். பக்கத்து இருக்கையில் ஒருவர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதில் ஓடுகிற ஒரே ஒரு எண்ணை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதை, சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பதினொன்றரை என்றால் சுகம். பன்னிரண்டைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பதின்மூன்றைத் தொட்டால் பிஸ்டன் உருகிவிடும். அதற்கு முன்னால் "விடு!" என்று கத்த வேண்டும், ஓட்டுகிறவர் காலை எடுக்க வேண்டும். ஆக, தன்னந்தனியாக எந்த வண்டியையும் கட்டலாம், ஆனால் தன்னந்தனியாக இந்த வண்டியை முடிக்க முடியாது.

வண்டியை உருளைமேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளந்து தருகிற கடை ஒன்று இருக்கிறதுதான். வீட்டில் பற்றவைத்த குழாய்களைப் பார்த்ததும், "ஐயா, வெடிச்சா என் கடை போயிரும்" என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். எச்சரிக்கை மணி வைத்துப் பார்த்தார். இன்ஜின் போடுகிற கூச்சலில் மணியாவது கிணியாவது.

முன்பு ஆள் இருந்தார். அவரை எல்லோரும் மைக் என்பார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறவர். எந்த வண்டி, எத்தனையாவது நடைமேடை, எத்தனை மணிக்கு என்று நாள் முழுக்க எண்களை வாசித்து வாசித்து, தீப்பிடித்தால்கூட அதே குரலில் அறிவிப்பார் போல ஆகிவிட்டிருந்தது தொண்டை. லிப்ட்காரருக்கு இளவயதுத் தோழர். ஒன்பது வருடம், ஞாயிறு தவறாமல் காலை ஆறரைக்கு வந்து பக்கத்து இருக்கையில் உட்காருவார். மூடிக்கிடக்கிற ஆலை ஒன்றின் உட்சாலை நூல் பிடித்தாற்போல இரண்டு கிலோமீட்டர் ஓடும், காவலாளி தெரிந்தவர். "பதினொண்ணு ஏழு, பதினொண்ணு ஆறு, பதினொண்ணு ஆறு..." எண் எட்டிப்பார்க்கிற வேகத்தை வைத்தே அது எங்கே போய் நிற்கும் என்று மைக்குக்குத் தெரியும். மணியும் மெஷினும் சொல்வதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு ஞாயிறு. வண்டி அதுவரை இழுக்காத இழுப்பு இழுத்தது. முதுகை இருக்கையோடு அறைந்தது. எண் பன்னிரண்டைத் தாண்டியது, மைக் "விடு!" என்றார். லிப்ட்காரருக்குக் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. கால் எழவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு மூச்சு என்று ஆசை அமுக்கிப் பிடித்தது. டமார் என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் போகிற ஓட்டை.

இறங்கிய வேகத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? "தூங்கிட்டு வந்தியா? இவ்வளவு லேட்டா சொன்னா நான் என்ன பண்றது?" என்று தோழரைப் பார்த்துக் கத்தினார். பாவி மனுஷன். மைக் லேப்டாப்பை மூடி இருக்கையில் வைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அதோடு சரி.

போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. முதல் வாரம் வீம்பு, இரண்டாவது மாதம் கூச்சம், ஒரு வருடம் கழித்து எந்த மூஞ்சியோடு போவது என்ற நிலை. புதுப் பிஸ்டன், புது ராடு, இரண்டு பெட்ரோல் பம்பு என்று மொத்த இன்ஜினையும் ஒற்றை ஆளாகத் திரும்பக் கட்டினார். ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் முடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு முடுக்கினார். பேருந்து நிலையம் பக்கம் போகும்போது காதைத் தீட்டிக்கொள்வார். போன வருடத்திலிருந்து அங்கே மெஷின் குரல்தான் கேட்கிறது.

வேறு ஆள் பார்க்காமலும் இல்லை. அலுவலக மேற்பார்வையாளரை அழைத்துப்போனார். அவர் எண்ணை விட்டுவிட்டு இன்ஜின் சூட்டைப் படித்து, "தொண்ணூறு! தொண்ணூறு!" என்று ஊரைக் கூட்டினார். எதிர்வீட்டுத் தையல்காரர் இரண்டாவது கியரிலேயே கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பைக் குழந்தைபோல் கட்டிப்பிடித்துக்கொண்டார். இறங்கியதும், "நமக்கு எதுக்குங்க இந்த வேலை, கால் மிஷினே போதும்" என்று விடுவிடுவென்று போய்விட்டார். வண்டி நான்கு மாதம் கொட்டகையில் நின்றது. ஒருநாள் லிப்ட்காரர் பக்கத்து இருக்கையில் தானே போய் உட்கார்ந்து பார்த்தார். ஓட்டுகிற இருக்கை காலியாகத் தெரிந்தது. என்னவோ போல ஆகிவிட்டது அவருக்கு. மறுநாள் ஞாயிறு.

மைக் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் நான்கு முறை ஒத்திகை பார்த்திருந்தார். நீ சரியாத்தான் சொன்ன, நான்தான் கேக்கல. இவ்வளவுதான், ஐந்து சொல். கதவைத் திறந்தது மைக்கே. கொஞ்சம் இளைத்திருந்தார்.

"யாரு?" என்றார்.

"நான்தான்டா."

மைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு படபடவென்று, "டேய், அன்னிக்கு நான் லேட்டாச் சொல்லிட்டேன்டா. தப்பு என்மேலதான். மனசுல வெச்சுக்காத" என்றார்.

ஐந்து சொல்லும் வெளியே வரவில்லை. "பரவால்ல விடு" என்றார் லிப்ட்காரர். சொன்ன மாத்திரத்தில் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். வலிய வந்த மன்னிப்பை எவன் வேண்டாமென்பான்? "வண்டி வாசல்ல நிக்குது, எண் சொல்ல வர்றியா?" என்று மட்டும் கேட்டார்.

மைக்கின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "வாங்கண்ணா. எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கணவரின் கையைப் பிடித்துச் செருப்பின் பக்கம் திருப்பி நிறுத்தினார். "மெதுவாப் போயிட்டு வாங்க. இவர் இப்பல்லாம் எங்கயும் போறதில்ல." மைக் மனைவியை முறைத்தார்.

ஆலைச் சாலையில் முதல் ஓட்டம். லேப்டாப் மைக்கின் மடியில். அதே குரல், அதே நிதானம். "பதினொண்ணு ஒம்போது, பதினொண்ணு ஏழு, பதினொண்ணு ஆறு... விடு!" லிப்ட்காரர் காலை எடுத்தார். ஓரமாக நிறுத்தி, பதிவானதைப் பார்த்தார். எண் பதினொன்று நான்கில் சமர்த்தாக நின்றிருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை. சூடு கண்ட பூனை, அதான் முந்திக்கொள்கிறது என்று நினைத்தார். அந்தச் சூட்டை வைத்தது யார் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

இரண்டாவது ஓட்டமும் அப்படியே. பாதி வேகத்தில் "விடு!"

மூன்றாவது ஓட்டத்தில் மூன்றாவது கியர். காற்றாடி ஊளையிட ஆரம்பித்தது, வண்டி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. இந்த இழுப்புக்காகத்தானே மூன்று வருடம். "பதினொண்ணு ஏழு" என்றார் மைக். சாலையில் ஒரு சின்னத் தூக்கல், வண்டி குலுங்கியது. லிப்ட்காரரின் கண் பழக்கதோஷத்தில் ஒரு கணம் இடப்பக்கம் போனது. லேப்டாப்பின் ஒயர் கழன்று கீழே தொங்கிக்கொண்டிருந்தது. திரை கறுப்பாகக் கிடந்தது.

"பதினொண்ணு ஏழு" என்றார் மைக். "பதினொண்ணு ஆறு. பதினொண்ணு ஆறு."

லிப்ட்காரர் காலை எடுத்துவிட்டார். காற்றாடி பெருமூச்சு விட்டு அடங்கியது.

"ஏன்டா விட்ட?" என்றார் மைக். "நான் சொல்லவே இல்லையே."

லிப்ட்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். மைக் திரையைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் தள்ளிக் கதவுப்பக்கமாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் அழுதுவிடுவோம் என்று லிப்ட்காரருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் இதற்குமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை.

"அன்னிக்கு நீ லேட்டாச் சொல்லலடா" என்றார். "சரியாத்தான் சொன்ன. என் காதுல விழுந்துச்சு. நான்தான் காலை எடுக்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். உன் கால் எங்க இருந்துச்சுன்னு பார்த்தேன். அப்ப எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்டா."

லிப்ட்காரர் தன் கையை மைக்கின் முகத்துக்கு நேரே அசைத்துப் பார்த்தார்.

"நடுவுல ஒரு கறை மாதிரி" என்றார் மைக், நடைமேடை எண் சொல்கிற அதே குரலில். "ஓரமெல்லாம் தெரியுது. உன் காது தெரியுது, மூஞ்சி தெரியல. பஸ் ஸ்டாண்டுல நடைமேடையை மாத்திப் படிச்சுட்டேன், ஒரு குடும்பமே வேற ஊருக்குப் போயிருச்சு. போதும்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். டாக்டர் இதுக்குமேல ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாரு."

"ஒயர் கழண்டதுகூடத் தெரியலையேடா உனக்கு. தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சும் ஏன்டா வாசல்ல நீ மன்னிப்பு கேட்ட?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? தப்பு உன்னோடதுன்னு சொல்லியிருந்தா அப்படியே வண்டியைத் திருப்பிட்டுப் போயிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்ப." மைக் கையால் தடவி ஒயரைத் தேடினார். கிடைக்கவில்லை. "வீட்டுல சும்மாவே உக்காந்திருக்கேன்டா. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்."

லிப்ட்காரர் குனிந்து ஒயரை எடுத்து மாட்டினார். திரை ஒளிர்ந்தது, யாருக்காகவோ. காற்றழுத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உண்டு. அதைக் குறைக்கிற பக்கமாகத் திருகினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அதற்குமேல் திரும்பாது என்கிற வரைக்கும். அந்த அழுத்தத்தில் யாரும் எண்ணைப் பார்க்காவிட்டாலும் இன்ஜினுக்கு ஒரு குறையும் வராது. ஐந்நூறில் பாதிகூடத் தேறாது. இந்த வண்டி நிஜமாக எவ்வளவு இழுக்கும் என்பது இனி அவருக்குத் தெரியப்போவதில்லை. அது மனதில் ஒரு குத்து குத்தத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

மைக்குக்குக் குமிழ் திருகுகிற சத்தம் கேட்டிருக்கும். அவர் லேப்டாப்பை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டார்.

"எங்க விட்டேன்?" என்றார்.

"பதினொண்ணு ஆறுல."

"சரி, எடு."

வெள்ளை வண்டி கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஆலைச் சுவர் வேகமாகப் பின்னால் ஓடியது. "பதினொண்ணு ஆறு" என்று படித்துக்கொண்டு வந்தார் மைக். "பதினொண்ணு ஏழு. பதினொண்ணு ஒம்போது. பன்னெண்டு. விடு!"

லிப்ட்காரர் அந்தக் கணமே காலை எடுத்தார்.