அவிழ்ந்த நங்கூரக் கயிறு

எழுபதுகளின் கடைசியில் நான் புனேயை ஒட்டிய போசரியில் ஒரு பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். புனேயில் வேலை நேரம் போக என்னிடம் பேசியவர் ஒருவர்தான். அணை ஏரியில் மீன் பிடிக்கும் தோண்டிபா. ஞாயிறுதோறும் அவரைப் பார்க்கப் போய்விடுவேன். அரைகுறை இந்தியில் பேசிக்கொள்வோம்.

தண்ணீருக்குள் விளக்கு எரிந்தால் மீன் கூடும் என்று அவர் ஆசைப்பட்டார். கண்ணாடி ஜாடிகளில் பல்பு வைத்து, தண்ணீர் புகாமல் அடைத்து, கார் பேட்டரியில் இணைத்துக் கொடுத்தேன். படகு வலைமேல் திரும்பிவிடாமலிருக்க முன்னும் பின்னும் நங்கூரம் வேண்டும். பின்நங்கூரத்தில் கயிறு கட்டியது நான்.

விளக்கோடு நாங்கள் இருவரும் ஏரிக்குப் போன முதல் இரவு, அதைச் சுற்றி மீன்கள் கூட்டமாக வந்த நேரத்தில் என் முடிச்சு அவிழ்ந்தது. படகு காற்றில் சுழன்றது. விளக்கு வயரில் சிக்கி அவருடைய புது வலை கிழிந்துபோனது.

"கயிறு அறுந்துடுச்சா தம்பி?"

"ஆமாண்ணே, பழைய கயிறு" என்றேன்.

அவர் கயிற்றை இழுத்து, நுனியை டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் அறுந்திருக்கவில்லை.

"சரி, நான்தான் புதுசு வாங்கியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, தன் பாக்கரி ரொட்டியில் பாதியை என்னிடம் நீட்டினார்.

வெட்கத்தில் அதற்குப் பிறகு நான் போகவில்லை. மூன்றாவது வாரம் அவரே மீனோடு பட்டறை வாசலுக்கு வந்தார். "நான் லீவுன்னு சொல்லிடுங்க" என்று காவலாளியை அனுப்பிவிட்டு, ஜன்னல் ஓரமாக நின்றேன். மீனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

படகிலேயே அவர் என்னை மன்னித்துவிட்டார். அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளத்தான் எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு ஏழு வருடம் அந்த ஊரில் தனியாகவே இருந்தேன்.