நல்லுசாமி சொல்லாமல் விட்ட பாதி

தோட்டத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நல்லுசாமியிடம்தான் போவார்கள். உடம்பு முடியாமல் எம்சி லீவு எடுத்தால் சம்பளம் வெட்டலாமா, தீபாவளியன்று வேலைக்குக் கூப்பிட்டால் என்ன கூலி, எல்லாம் அவருக்குத் தெரியும். சங்கக் கூட்டங்களுக்கு வருடக்கணக்காகப் போய், கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு. நிறுத்தி நிதானமாகச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார்.

தேயிலைக் கொழுந்து வெட்டும் மிஷினுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அவருக்கு எதிர்ப்பிடி திருச்செல்வம். அவன் மனைவிக்குக் குறித்த நாளுக்கு வெகு முன்பே வலி எடுத்து, ஞாயிறன்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அன்று மாலையே வந்து கேட்டான்.

"அண்ணே, பிள்ள பொறந்தா அப்பனுக்கும் ஏழு நாள் சம்பள லீவு உண்டாமே. நான் ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லி வைக்கல. கெடைக்குமா?"

நல்லுசாமிக்கு வயிறு எரிந்தது. அவர் மகள் பிறந்தபோது இப்படிச் சட்டம் இல்லை. லீவு கேட்டு நின்றவரைப் பார்த்து, "பெத்துக்கிறது நீயா, ஒம் பொண்டாட்டியா?" என்று கங்காணி கேட்க, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பூச்சிமருந்து டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறினார். பிள்ளையைக் கையில் வாங்கியது அடுத்த ஞாயிறுதான். இவனுக்கு மட்டும் எல்லாம் மடியில் வந்து விழ வேண்டுமா?

"முப்பது நாளுக்கு முந்தியே சொல்லியிருக்கணும்லா," என்றார்.

அது பொய் இல்லை. அப்படிச் சொல்ல முடியாமல் போனால், பிறந்த பிறகு கூடிய சீக்கிரம் சொன்னாலும் போதும் என்பது மறுபாதி. அதைச் சொல்லவில்லை.

மறுநாள் திருச்செல்வம் வேலைக்கு வந்துவிட்டான். அவன் பக்கம் மிஷின் அடிக்கடி தாழ்ந்து, கொழுந்தோடு முற்றலையும் சேர்த்து வெட்டியது. நல்லுசாமி திட்டவில்லை. போனில் குழந்தையின் படத்தைக் காட்டினான். பார்த்தும் பார்க்காதவர் போலப் பெட்ரோல் ஊற்றினார்.

மிஷினின் கொழுந்துப் பையைப் பின்னால் பிடித்து வந்த விக்னேஸ்வரிதான் விடவில்லை. "ஆபீஸ் கிராணிய ஒரு வார்த்த கேளேன்டா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அண்ணன் சொல்லிட்டாருக்கா. அவருக்குத் தெரியாததா கிராணிக்குத் தெரிஞ்சிரும்?"

அவன் தன்னைத் திட்டியிருந்தால்கூட நல்லுசாமி தாங்கியிருப்பார். மிஷினை நிறுத்தினார்.

"பாதியத்தான் சொன்னேன். பொறந்த பெறகு சொன்னாலும் செல்லும். போ, போய்ச் சொல்லு."

"நேத்தே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

திருச்செல்வம் பிடியைச் செடிமேல் வைத்துவிட்டு ஆபீஸ் பக்கம் ஓட்டமாக இறங்கினான். பார்த்துக்கொண்டு நின்ற நல்லுசாமிக்கு அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை. அப்படி ஓடுவதற்குத் தனக்கும் அன்று ஒரு காலைப்பொழுது வாய்த்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

கிராணி அன்றே லீவு எழுதிக் கொடுத்தார். நடந்ததை லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி முடிக்க விக்னேஸ்வரிக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இப்போதும் சந்தேகம் என்றால் ஆட்கள் நல்லுசாமியிடம்தான் வருகிறார்கள். அவர் சொல்லி முடித்த பின்னும் போகாமல் நிற்கிறார்கள்.

"அவ்வளவுதானாண்ணே?" என்று கேட்கிறார்கள்.