சுடாத கல்

நீரிழிவு உடையோர் சுடுகல்லில் வெறுங்காலுடன் நடப்பதை வியந்து பாராட்டும் வழக்கம் திருவரங்கத்தில் இன்னும் ஒழியவில்லை. அதனால் வந்த சலிப்பே இதனை எழுதத் தூண்டியது.

சென்ற சித்திரையில் ஓர் உச்சிவேளை. கோயிலின் வெளிச்சுற்றில் அனைவரும் கால் மாற்றித் துள்ளி ஓடினர். என் மகள் நிழலுக்குள் பாய்ந்து நின்று கூவினாள்: "அப்பா, சீக்கிரம் வாங்கோ! உங்களுக்குச் சுடலையா?"

சுடவில்லை. உடனே பெரியப்பா நினைவில் எழுந்தார்.

நான் சிறுவனாக இருந்தபோது அதே கல்லில் அவர் துளசி மணக்க மெல்ல நடப்பார். அவரது குட்டை நிழலுக்குள் கால் வைக்க முயன்று நான் சூட்டில் துடிப்பேன்.

"பெருமாள் கடாட்சம் ஓய்! நெருப்பை மிதிச்சாலும் உமக்குச் சுடாது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியப்பா பெருமிதத்துடன் சிரிப்பார்.

பெரியம்மா மட்டும் சீறுவார்: "கடாட்சமாவது ஒண்ணாவது! நேத்திக்குக் காலில் முள் தைச்சு ரத்தம் கொட்டித்து, இவருக்குத் தெரியவேயில்லை. சக்கரை வியாதின்னு டாக்டர் சொன்னாரே, கேட்டேளா?"

எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டே பெரியப்பாவின் பாதத்தில் எழுந்த கொப்புளம் புரையோடியது; முழங்காலுக்குக் கீழே காலை அகற்றினர். அதே பக்கத்து வீட்டுக்காரர், "பெருமாள் சோதனை" என்றார்!

நிழலில் அமர்ந்து என் உள்ளங்காலைத் திருப்பினேன். இரண்டு கொப்புளங்கள்.

அருகிலிருந்த ஒருவர், "மாமா, என்ன பக்தி உங்களுக்கு!" என்று நெகிழ்ந்தார்.

"ஆட்டோவைக் கூப்பிடும்மா, டாக்டர்கிட்ட போகணும்" என்றேன் மகளிடம்.

இக்குறிப்பில் சொற்பிழையோ நினைவுப்பிழையோ காணும் அன்பர்கள் திருத்தி எழுதுக. என் கால் சுடாமைக்குப் பக்தியே காரணம் என்போர் மட்டும் எழுத வேண்டா.