தம்ரூக்கும் என் கொலுசுப் பட்டறையும்

எனக்குப் படிப்பு நான்காம் வகுப்போடு சரி. ஆனால் சேலத்தில் என்னைப் போல வெள்ளிக் கொலுசுக்கு மெருகு ஏற்ற ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் வீட்டு முன்னறையில் மருமகள் அழகு நிலையம் வைத்தது எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினேன்.

"மூஞ்சியில பூசி ஊரை ஏமாத்தற பொழப்பு நம்மூட்டுக்கு எதுக்கு அம்மிணி? நாளைக்கே மூடு."

மருமகள் கலங்கிப்போனாள். முகத்துக்குக் கடலை மாவு தேய்த்துவிடச் சொல்லி அவள் முன்னால் உட்கார்ந்திருந்த வேதாகமப் பள்ளி ஆசிரியை நிமிர்ந்தார்.

"கொலுசை எப்படிங்க பளபளப்பாக்கறீங்க?"

"பூந்திக்கொட்டைத் தண்ணியில தேய்ப்போம். அழுக்கு போனா வெள்ளி தானா மின்னும். பூச்சு வேலையெல்லாம் நம்மகிட்ட இல்லீங்க."

"அழகுப் பொருளுக்குப் பழைய எபிரேயத்துல தம்ரூக்னு பேருங்க. தேய்ச்சுத் துலக்கறதுன்னுதான் அதுக்கு அடிப்படை அர்த்தம். உங்க மருமகளும் அதைத்தானுங்க பண்றாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தம்மாள் மேல் இல்லை, என் மேல்தான். தேய்த்தே வீடு கட்டியவனுக்குத் தன் வீட்டில் நடக்கும் தேய்ப்பு வேலை தெரியவில்லை. அதைச் சொல்ல வெளியாள் வர வேண்டியிருந்தது.

கடை நடக்கிறது. "மூடலீங்களா?" என்று கேட்ட சொந்தக்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். ஆனால் மருமகளை ஏசியது அத்தனை பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது, யாரும் இல்லாத சமையலறையில். அந்தக் கோழைத்தனம்தான் இன்றும் என்னைச் சுடுகிறது.