ஒற்றை லில்லிக்கு ஒரு வரன்

ஜோலீன் ட்வெய்ட் மறுபடியும் தபால் காரை ரயில் பாதையோரம் நிறுத்திவிட்டார். எங்கள் கடிதங்கள் பின்சீட்டில் காத்துக் கிடக்க, தபால்காரம்மா சரிவில் மண்டியிட்டு, ஒரு காட்டு லில்லியின் மகரந்தத்தைப் பல்குத்தும் குச்சியால் வழித்து மாத்திரை டப்பாவில் சேர்க்கிறார். கேட்டால், "மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கேன், தொந்தரவு பண்ணாத" என்பார்.

அயோவாவில் எங்கள் பக்கம் எங்கு திரும்பினாலும் மக்காச்சோளம், சோயா. கலப்பை படாமல் தப்பியது, இங்கே குடியேறிய நார்வேக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், அரை ஏக்கர். பதினாறு வருடமாக ஜோலீன் அங்கே களை பிடுங்குகிறார், வசந்தத்தில் சருகுக்குத் தீ வைக்கிறார், ஊரோரம் பொறுக்கிய பழைய புல், பூ விதைகளை ஐஸ்கிரீம் வாளியில் கொண்டுவந்து தூவுகிறார். அவர் சட்டைப்பை விதைகள் துவைக்கும் இயந்திரத்தை இரண்டு முறை அடைத்துவிட்டன. கணவர் லைல் இப்போது தன் துணியைத் தனியாகத் துவைக்கிறார்.

அத்தனை பூ திரும்பியும் அங்கே லில்லி மட்டும் ஒன்றே ஒன்று. அதற்குத் தன் மகரந்தம் ஆகாது. துணையில்லாமல் வருடா வருடம் வீணாகப் பூத்தது. இந்த ஜூலையில்தான் அதுவும் ரயில் பாதையோர லில்லியும் ஒரே வாரத்தில் மலர்ந்தன. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மாத்திரை டப்பாவோடு ஜோலீனும் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதைப் பராமரிக்கும் டுவேன் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஜூலை நாலு, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு, இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் வருவார்கள், இடம் சுத்தமாக இருக்க வேண்டும். லில்லி நிற்பதோ டுவேனுடைய தாத்தாவின் தலைமாட்டில்.

"உன் களைக்காக எங்க தாத்தா முடி வெட்டாமக் கிடக்கணுமா?" என்றார்.

"செப்டம்பர் வரைக்கும் பொறுய்யா, காய் முத்தணும். அவருக்கென்ன, எங்கயாவது போகணுமா?"

"ஜனங்க என்னைத்தானே திட்டுவாங்க!"

ஜோலீன் மகரந்தம் தொட்ட குச்சியை அவரிடம் நீட்டினார். "கல்யாணத்த நீயே நடத்தி வை. அப்புறம் உன் இஷ்டம்."

டுவேன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். மூச்சை அடக்கி, தடித்த விரல்களால் பூவின் நடுத்தண்டு நுனியில் குச்சியைத் தொட்டார். "பிடிச்சிருக்குமா?" என்று மெல்லக் கேட்டார்.

ஜோலீன் விதைக்கதிர் நறுக்கும் கத்தரிக்கோலை எடுத்தார். முழங்காலிட்டு, லில்லிக்கு ஒரு சாண் விட்டு, தாத்தாவின் கல்லைச் சுற்றியிருந்த புல்லை, காதோரம் முடி திருத்துவது போல நறுக்கத் தொடங்கினார்.